மானியக் குங்குமம்

வேலாயுதம் அண்ணாச்சி தேர்ந்தெடுத்த தேக்குத் தடியில் ஒரு வெடிப்பு கிடையாது, ஒரு பூச்சித் துளை கிடையாது. தட்டினால் கணீரென்று சத்தம் வரும். அதைப் பார்த்து எங்கள் மரக்கண் சிவப்பு விளக்கைப் போட்டு, "கழிவு" என்று அறிவித்தபோது மில்லில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம். உருளைகள் திரும்பி, தடி சிராய் மிஷினை நோக்கி நகர ஆரம்பித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"ஏட்டி இசக்கி, நிறுத்துட்டி!" என்று மில் முதலாளி சங்கரவடிவு மைனி கத்தினாள்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு அங்கே பொத்தானே கிடையாது.

என் வேலைக்கு "மரக்கண் இயக்குநர்" என்று பெயர். இயக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. காலையில் வந்து கண்ணாடியைத் துடைப்பேன், பல்லி ஏறியிருந்தால் விரட்டுவேன், பிறகு அது சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மதினி முறையாகும் சொந்தக்காரியின் மில்லில் அரசாங்கத்தின் ஆளாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்று, அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நிலக்கரி உலைகளை மூடிய பிறகு எங்கள் செங்கோட்டைப் பக்கத்தில், மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று வந்தது. சுள்ளி, சிராய், மரத்தூள், பூச்சி அரித்த தடி என்று எதற்கும் உதவாத மரத்தைக் கொடுத்தால் அரசாங்கம் மானியம் கொடுக்கும். எரிந்ததற்கு ஈடாகப் புது மரம் நட்டுக்கொண்டே வந்தால் புகைக்கும் மரத்துக்கும் கணக்கு நேராகிவிடும். நல்ல திட்டம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஆரம்பத்தில் எது கழிவு என்று சொல்லும் அதிகாரம் மனிதர்கள் கையில் இருந்தது. விளைவு, மேற்கு மலையடிவாரத்தில் இருந்த நல்ல தேக்கெல்லாம் காகிதத்தில் செல்லரித்துப் போயிற்று. இனி மனிதனை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்துதான் மரக்கண்ணைக் கொண்டுவந்தார்கள்.

மில் வாசலில் ஒரு வளைவு. அதில் கண். உள்ளே அறுக்கப் போகும் தடியும் சரி, வெளியே போகும் தடியும் சரி, அதன் அடியில் போயாக வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் பலகைக்கு ஆகும். சிவப்பு எரிந்தால் கழிவு, அடுத்த நிமிடமே சிராய். ஒரு மரத்துக்கு ஒரு தீர்ப்புதான். மறு தீர்ப்பு கிடையாது, மேல்முறையீடு கிடையாது. கலெக்டரே வந்து நின்றாலும் அதை மாற்ற முடியாது என்று சட்டம் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

நெடுங்குளத்துக் கரைக்குக் கீழே, என் வீட்டிலிருந்து மூன்றாவது மனையில் அண்ணாச்சி வீடு கட்டிக்கொண்டிருந்தார். தலைவாசல் நிலைக்குத்தான் அந்தத் தடி. எங்கள் பக்கத்தில் நிலைக்கான தடியை மில் ரம்பத்தில் கொடுக்க மாட்டார்கள். மில்லில் வைத்தே சந்தனம் குங்குமம் பூசி, சூடம் காட்டி, குடும்பத்தோடு கும்பிட்டு, தடியை முழுசாக மனைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஆசாரி கையால் அறுப்பார். அண்ணாச்சியும் அவர் மனைவியும் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் தடி தூளாகிவிட்டது.

சாயங்காலம் அண்ணாச்சிக்கு மானியம் வந்தது. தடியின் விலையைவிடக் கூடுதல்.

"காசு சேத்துத்தான வந்திருக்கு அண்ணாச்சி, வருத்தப்படாதீய," என்றாள் மைனி.

"காச நிக்க வச்சு வாசக்கதவ மாட்ட முடியுமா வடிவு?" என்று கேட்டுவிட்டு அவர் போனார்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு நிலைத் தடிகள் அதே மாதிரி போயின. பக்கத்தில் கிடந்த சுமாரான தடிகளுக்கெல்லாம் பச்சை. காரணம் என்னவாக இருக்கும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, மைனி தன் நெற்றியிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமத்தை எடுத்து ஒரு மகாகனித் தடியில் தேய்த்து அனுப்பினாள். சிவப்பு. மைனியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நான் போனை எடுத்தேன்.

புகார் எண்ணைக் கூப்பிட்டால் எந்திரம் பேசியது. "மரக்கண் தவறு செய்வதில்லை, நன்றி" என்றது. மூன்று முறை நன்றி வாங்கிக்கொண்ட பிறகு, எப்படியோ சென்னையில் ரெஹானா என்ற பொறியாளர் கிடைத்தார். அந்தக் கண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குழுவில் இருந்தவர்.

"மேடம், ஒங்க கண்ணுக்குக் குங்குமம் ஆகாதா?" என்று கேட்டேன்.

விவரத்தையெல்லாம் சொன்னேன்.

"இசக்கி, அதுக்கு நாங்க மரத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலை. பத்து வருஷமா மில்லுகள்ல எடுத்த வீடியோவைக் காட்டினோம். எந்தத் தடி உள்ளே வருது, எது ரம்பத்துக்குப் போகுது, எது போகாம வெளியே போகுது, இவ்வளவுதான். ரம்பத்துக்குப் போனா நல்ல மரம். போகலைன்னா விறகுக்குப் போற மரம். அதுவா புரிஞ்சுக்கிச்சு."

"நிலைத் தடி ரம்பத்துக்கே போகாதே."

"அதான். செவப்புப் பொட்டு வச்ச ஒரு தடியைக்கூட அது ரம்பத்துல பார்த்ததே இல்லை. அழுகின தடி மாதிரியே அதுவும் வெளியே போயிடுது. அப்ப பொட்டு வச்சா கழிவுன்னு முடிவு பண்ணிடுச்சு. இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சிட்டுல்லா, மாத்திருங்க."

"தொட்டா நான் ஜெயிலுக்குப் போவேன். லஞ்சத்துக்குப் பயந்து எங்க கையையும் சேர்த்துக் கட்டி வச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி பொறக்கறப்போ, அந்த வருஷம் மில்லுகள்ல பார்த்ததை வச்சு அது தானாப் படிக்கும். அப்பதான் மாறும்."

"அப்பம் திருந்திரும்."

"எப்படித் திருந்தும்? குங்குமத் தடி எல்லாத்தையும் அதுவே சிராயாக்கிடுது. அதுல ஒண்ணு பலகையாகி அது பார்க்கவே போறதில்லை. நாம சொன்னது சரிதான்னு ஒவ்வொரு வருஷமும் இன்னும் உறுதியா நம்பும்."

"எங்க ஊர்லயும் அப்படி ஆளுக உண்டு மேடம்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இதற்குள் விஷயம் வட்டம் முழுக்கப் பரவிவிட்டது. மைனி யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் குங்குமத்தைப் பொட்டலமாக வாங்கினால் பக்தி, மூட்டையாக வாங்கினால் வியாபாரம் என்று கடைக்காரருக்குத் தெரியாதா? ஒரு மாதத்தில் எல்லா மில் வாசலிலும் வாளியும் பெயிண்ட் பிரஷ்ஷும் வந்துவிட்டன. வாழ்நாளில் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத முதலாளிகள் எல்லாம் தடிக்குத் தடி பொட்டு வைத்தார்கள். மலைவேம்பு, மகாகனி, தேக்கு எல்லாம் சிராயாகி லாரி லாரியாக உலைக்குப் போயின. தோட்டக்காரர்கள் முற்றாத மரத்தையும் வெட்டிக் கொண்டுவந்தார்கள். முற்றினால் என்ன, முற்றாவிட்டால் என்ன, எரிவதற்கு.

மின்வெட்டு என்ற சொல்லையே மறந்துபோனோம். காற்றாடி நிற்காமல் சுற்றியது. அதன் கீழே படுக்கக் கட்டில் செய்யப் பலகை இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிளாஸ்டிக் பெஞ்சில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆசாரிகள் பலபேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மைனியின் மில்லில் ரம்பம் ஓட்டிய ஆட்களெல்லாம் சிராய் அள்ளும் கூலிகளானார்கள். மைனி புதுக் கார் வாங்கினாள். எனக்குக் கோபம் கோபமாக வரும், ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல? கண் தவறு செய்வதில்லை, நன்றி.

தை மாதம், மரக்கழிவு உற்பத்தியில் மாநிலத்திலேயே எங்கள் வட்டம் முதலிடம் என்று விருது கொடுத்தார்கள். எதற்கும் உதவாத மரம் இவ்வளவு விளைகிற மண் வேறெங்கும் இல்லையாம். மரமில் உரிமையாளர் சங்கத் தலைவி என்ற முறையில் மைனிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. இனி கழிவு மரம் மில்லுக்கு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. கண் பொருத்திய அறுவடை வண்டிகள் தாமே நடந்துபோய், சாலையோரம், குளக்கரை, புறம்போக்கு எல்லாவற்றிலும் பட்டுப்போன மரங்களைக் கண்டுபிடித்து வெட்டிக்கொள்ளும். முதலிடம் பிடித்த வட்டத்திலேயே, ஆவணி மாதம், வெள்ளோட்டம்.

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ரெஹானா மேடமே கூப்பிட்டார். "இசக்கி, ஒண்ணு கேக்கணும். நின்னுக்கிட்டு இருக்கிற மரத்துக்கும் உங்க ஊர்ல குங்குமம் வைப்பீங்களா?"



நெடுங்குளத்துக் கரை நெடுகிலும் மருத மரங்கள். கரையின் நடுவில் எங்கள் சாஸ்தா கோயில். பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்கோ பிழைக்கப் போன குடும்பமெல்லாம் வந்து சேரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரம் உண்டு. அதில் சந்தனம் குங்குமம் பூசிக் கும்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பூசிப் பூசி மரத்தின் பட்டையே சிவந்து கிடக்கும். அந்த மரங்களின் வேர்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மரம் போனால் ஐப்பசி மழைக்குக் கரை நிற்காது. கரை நிற்காவிட்டால் கீழே வயல், அதற்கும் கீழே வேலாயுதம் அண்ணாச்சியின் வீடு, என் வீடு, மொத்தத் தெரு.

"வைப்போம் மேடம்," என்றேன்.

முதலில் மரத்தைக் கழுவிவிடலாம் என்று பார்த்தோம். நானும் என் வீட்டுக்காரரும் நாலு குடம் தண்ணீரும் சீயக்காயுமாகப் போய் ஒரு மரத்தைத் தேய்த்தோம். பாதி தேய்ப்பதற்குள் அந்த மரத்துக்காரக் குடும்பம் வந்துவிட்டது. நாங்கள் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. அவர்கள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டு முன்னைவிட இரண்டு மடங்கு பூசிவிட்டுப் போனார்கள். விளக்கிச் சொன்னால், "அரசாங்கம் சாமி மரத்தை வெட்டுமா? வெளையாடுதியா?" என்றார்கள். அரசாங்கம் வெட்டாது. அரசாங்கத்தின் கண் வெட்டும். அந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது?

மைனியிடம் போனேன். காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, ஒங்களுக்கும் அந்தக் கரையில மரம் இருக்கு."

"இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய? வண்டியக் கண்டுபிடிச்சவன் நானா?" என்றாள். ஆனால் துடைக்கிற கை கொஞ்சம் நின்றுதான் ஓடியது.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். வேலாயுதம் அண்ணாச்சி மில்லுக்கு வந்தார். குளத்து மடையைப் பார்த்துக்கொள்வது அந்த வருடம் அவர் முறை.

"வடிவு, மடைப்பலகை உளுத்துப் போச்சு. மழைக்கு முன்ன மாத்தணும். ஒரே ஒரு பலகை வேணும்."

"அதுக்கென்ன அண்ணாச்சி, இப்பமே எடுத்துத் தாரேன்," என்று சொல்லிக்கொண்டே மைனி கொட்டகைக்குள் போனாள். அங்கே எங்கும் சிராய். மூலையில் பார்த்தாள், பரணில் பார்த்தாள். பக்கத்து மில்லுக்குப் போன் செய்தாள், அடுத்த மில்லுக்குச் செய்தாள். இலஞ்சி முதல் புளியரை வரை கேட்டாயிற்று. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது போனுக்குப் பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மர மில்லு நடத்துதேன் அண்ணாச்சி. ஒரு பலகை இல்ல எங்கிட்ட," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "ஒங்க நிலையயும் நான்தான் முழுங்கினேன்."

அண்ணாச்சி அவளைத் திட்டியிருந்தால் அவள் பதிலுக்குத் திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவர் திட்டவில்லை. "அதுக்கு ஏன் அழுவுத? தடி கெடக்குல்லா, அறுத்தாப் போச்சு," என்றார்.

மைனி எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிராய் அள்ளிக்கொண்டிருந்த பழைய ஆட்களைக் கூப்பிட்டு ரம்பத்துக்கு எண்ணெய் போடச் சொன்னாள். குங்குமத்தில் குளிக்காத, பொட்டு வைக்காத ஒரு தேக்குத் தடி வளைவுக்கு அடியில் போயிற்று. பச்சை. ரொம்ப நாளைக்குப் பிறகு பச்சை விளக்கைப் பார்த்ததில் எனக்கே கண் கூசியது.

தடி ரம்ப மேடைக்கு வந்ததும் அண்ணாச்சி, "இருங்கவே," என்றார். இடுப்பிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். "மடைக்குப் போற பலகை. சும்மா அறுக்கலாமா?" சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்தார். எல்லாரும் ஒரு நிமிடம் கும்பிட்டு நின்றோம். ரம்பம் ஓடியது. தேக்கு வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது.

அப்போதுதான் நான் தற்செயலாக மேலே பார்த்தேன். ரம்பத்துக்கு மேலேயும் ஒரு கண் உண்டு. அது தீர்ப்புச் சொல்லாது. ஆடிக்குப் படிப்பதற்காகச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். தீர்ப்பு வாசலோடு முடிந்துவிட்டது. வாசலைத் தாண்டிய பிறகு தடியில் என்ன பூசினாலும் கேட்பாரில்லை.

நான் ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். "மேடம்! குங்குமம் வச்ச தடி பலகையாயிட்டு! கண்ணு பாத்துட்டு!"

ரெஹானா மேடத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் குரல் மாறிவிட்டது. "எத்தனை தடி?"

"ஒண்ணு."

"ஒண்ணை அது கண்டுக்காது. நிறைய வேணும்."

"எவ்வளவு?"

"தெரியலை இசக்கி. நெசமா தெரியலை. ஆடி வரைக்கும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. இதுல சட்டவிரோதம் எதுவும் இல்லை. நீங்க ஒழுங்கா வியாபாரம் பண்ணப் போறீங்க, அவ்வளவுதான்."

மைனி ஒழுங்காக வியாபாரம் செய்யச் சொன்னதும் சங்கக் கூட்டத்தில் கலவரமே வந்துவிட்டது.

"வர்ற மானியத்த வேண்டாம்னுட்டு பலகை அறுக்கச் சொல்லுதீய. மைனிக்குக் கார் வாங்கியாச்சு, எங்களுக்கு?" என்று ஒருவர் எழுந்தார்.

மைனி அவரைப் பார்த்தாள். "ஒங்க ஊர்க் குளத்துக் கரையில என்ன மரம்வே நிக்கி?"

"எலுப்ப."

"பொட்டு வச்சிருக்கா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்து எழுந்தவரிடமும் அதே கேள்வி. அவர் ஊரில் வேம்பு, மஞ்சள் துணி வேறு கட்டியிருந்தது. மூன்றாவது ஆள் எழவில்லை. எல்லாரும் சம்மதித்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதிப்பேர் சம்மதித்தார்கள். அந்தப் பாதியே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அந்த இரண்டு மூன்று மாதம் எங்கள் வட்டத்தில் நடந்தது மாதிரி ஒரு அறுப்பு முன்பு நடந்ததே இல்லை. திருப்பூர் போன ஆசாரிகள் திரும்பி வந்தார்கள். நிலைத் தடியை மில் ரம்பத்தில் கொடுப்பதில்லை என்ற வழக்கத்தை ஜனங்கள் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள். குடும்பம் குடும்பமாக மில்லுக்கு வந்து, ரம்ப மேடைக்கு முன்னால் நின்று பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள். கட்டிலுக்கு ஒரு கும்பிடு, தொட்டிலுக்கு ஒரு கும்பிடு. பள்ளிக்கூட பெஞ்சுக்குப் பிள்ளைகளே வரிசையில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அண்ணாச்சிக்கு மைனி தன் கையிருப்பிலேயே நல்ல தடியாகப் பார்த்துக் கொடுத்தாள். வைகாசியில் அவர் வீட்டுக்கு நிலை வைத்தோம்.

ஆடி முதல் தேதி கண் புதுப் பாடத்தோடு வந்தது. மைனி ஒரு தேக்குத் தடி முழுக்கக் குங்குமத்தைப் பூசினாள். பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி எல்லாரும் என் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். ஆளில்லாத வளைவுக்குக் கீழே தடி மெதுவாக உருண்டு வந்தது.

சிவப்பு.

சிராய் மிஷினின் சத்தம் மட்டும் கேட்டது. மைனி வெளியே போய்விட்டாள். நான் மேடத்துக்குப் போன் செய்து, "பத்தல," என்றேன்.

ஆவணியில் அறுவடை வண்டி வந்தது. யானை உயரம், எட்டுக் கால், முன்னால் ஒரு கை. காலை வெயிலில் அது நெடுங்குளத்துக் கரையின் தெற்கு முனையில் ஏறி நின்றது. கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். தீர்ப்புச் சொல்லும் திரை, மரக்கண் இயக்குநர் என்ற முறையில், என் கையில். என் ஊர்க் கரை மரங்களுக்குத் தூக்குத் தண்டனை வாசிக்க என்னையே நிறுத்தியிருந்தார்கள்.

ஊர் முழுக்கக் கரையில் இருந்தது. மறியல் செய்ய வரவில்லை. செய்தாலும் வண்டி காத்திருந்து வெட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியாக ஒரு தடவை கும்பிட வந்திருந்தார்கள். அவரவர் குடும்பத்து மரத்தின் முன்னால் அவரவர் நின்றார்கள். மைனி கார் எடுத்துக்கொண்டு வராமல் நடந்தே வந்து தன் மரத்தடியில் நின்றாள். மடைக்குப் பக்கத்தில் பொந்து விழுந்த பழைய மருதம் ஒன்று உண்டு. அது யாருடைய மரமும் இல்லை. அதில் யாரும் பொட்டு வைத்ததும் இல்லை. மடை தன் முறை என்பதால் வேலாயுதம் அண்ணாச்சி அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். கையில் குங்குமம்கூட இல்லை. குங்குமத்தின் மேல் அவருக்கு வெறுத்துப் போயிருந்தது.

வண்டி முதல் மரத்தைப் பார்த்தது.

பச்சை. "பயன்படும் மரம்."

வண்டி நகர்ந்தது. அடுத்த மரம், பச்சை. அடுத்தது, பச்சை. நான் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "பச்ச! மைனி, பச்ச!" ஜனங்கள் மரத்தைவிட்டு என் பின்னால் ஓடிவர ஆரம்பித்தார்கள். தீர்ப்பு வந்த மரத்துக்கு இனி பயமில்லை. மடை வந்தது. பொந்து மருதம். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய பொந்து. இதற்குப் பச்சை வர வழியே இல்லை என்று எனக்குத் தெரியும். மரத்தோடு பழகிய எவரும் அதைக் கழிவு என்றுதான் சொல்வார்கள். மடைச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே மரம்தான்.

வண்டி மற்ற மரங்களைவிட நிதானமாக அதைப் பார்த்தது. அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு அதை முறைத்துப் பார்த்தார்.

பச்சை.

அண்ணாச்சி மரத்தில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வண்டி கரையின் வடக்கு முனையில், யாரும் நிற்காத பட்டுப்போன கருவேலத்தை மட்டும் வெட்டிக்கொண்டு இறங்கிப் போயிற்று. அந்தக் கருவேலம் உண்மையாகவே கழிவுதான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

சாயங்காலம் ரெஹானா மேடம் கூப்பிட்டார். குரலில் ஒரு படபடப்பு.

"இசக்கி, காலையிலேர்ந்து அதைத்தான் தோண்டிக்கிட்டு இருக்கேன். அது குங்குமத்தைப் படிக்கவே இல்லை."

"பெறவு?"

"ரெண்டு மூணு மாசம் ரம்பத்துக்கு மேலேர்ந்து அது என்ன பார்த்துச்சு? பொட்டு வச்ச தடியை. ஆனா ஒவ்வொரு தடிக்கும் முன்னாடி ஜனங்க நின்னாங்க இல்ல? பொட்டு சில தடியில சின்னது, சிலதுல பெரிசு, சிலதுல மறைஞ்சிடுது. மனுஷங்க மட்டும் எல்லாத்துலயும் இருந்தாங்க. ஆடி ஒண்ணாந் தேதி நீங்க வச்ச பரீட்சையில தடிக்குப் பக்கத்துல யாராவது நின்னாங்களா?"

"இல்ல. எல்லாரும் எங்கூட ரூமுக்குள்ள கெடந்தாவ."

"அதான் சிவப்பு. மனுஷன் வந்து முன்னாடி நிக்கிற மரம் கழிவு இல்லைன்னு அது கத்துக்கிச்சு. பொந்து மரத்துக்குக்கூடப் பச்சை போட்டிருக்கு. இது பெரிய பிழை இசக்கி. நான் எழுதி மேல அனுப்பணும். அடுத்த மாசம் சென்னையிலேர்ந்து செங்கோட்டை வரைக்கும் ரோடு முழுக்க வண்டி எறங்குது. கம்பத்துக்குக் கம்பம் கண்ணு மாட்டியாச்சு, இப்பவே ஒவ்வொரு மரமாப் பார்த்துத் தீர்ப்பு எழுதிக்கிட்டு இருக்கு."

நான் யோசித்தேன். வெளியே மைனியும் அண்ணாச்சியும் பொந்து மரத்துக்கு ஒரு குடும்பத்தை எப்படிப் பிடிப்பது என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எழுதுங்க மேடம், வேண்டாங்கல," என்றேன். "ஆனா நேர்ல வந்து பாத்துட்டு எழுதுங்க. ரயில்ல வராதீய. கார்லயே வாங்க. வழியில நல்ல மரமாக் கண்டா வண்டிய ஓரங்கட்டி, எறங்கி, செத்த நேரம் நின்னுட்டு வாங்க."

"பார்க்கறேன்," என்று சொல்லி மேடம் வைத்துவிட்டார்.

சென்னையிலிருந்து செங்கோட்டைக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான். மேடம் வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று.